இடது பக்கத்துக் கிளட்ச்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளை வண்டி. கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை இருந்த இடத்தில் துளைகள் மட்டும் மிச்சம். கதவில் சுரண்டி எடுத்த எழுத்துகளின் தடம் ஈரத்தில் நன்றாகவே தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் தானே ஓட்டி வந்து, எங்கள் படிக்கட்டுக்குக் கீழே ரோட்டோரம் நிறுத்தி, சாவியை என் கையில் திணித்தார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன், மழையாவது விடட்டும் என்றேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நனைந்தபடியே இறக்கத்தில் இறங்கிப் போனார். கடன்காரனைக் கண்டவர் மாதிரி ஓடுகிறாரே என்று நான் வாய்விட்டே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தன. கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் உட்காரும் இடம் அது. கற்பவர் தடுமாறினால் மாஸ்டர் தன் பக்கத்துப் பெடலை அமுக்குவார். ஓட்டுபவரின் பெடலும் கூடவே இறங்கும். அவற்றைக் கழற்றித் தரச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். "பழகற வரைக்கும் கெடக்கட்டும்மா, ஒரு தொல்லையும் பண்ணாது" என்று போனில் சொல்லியிருந்தார். விலையும் பேரம் பேசாமலே படிந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் என் கணவர். ஆயுசில் பாதியை லாரி ஸ்டியரிங்கில் கழித்தவர். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. உயிர் மிஞ்சியதே பெரிது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவரோ பகல் முழுக்கத் தன் இடது காலையே முறைத்துக்கொண்டிருப்பார். சொன்ன பேச்சைக் கேட்காத கிளீனரை முறைப்பது போல இருக்கும்.

எங்கள் வீடு மலையின் மேல்சரிவில். ஆஸ்பத்திரி கீழே, ஊரின் அடிவாரத்தில். அங்கே பிசியோதெரபி செய்யும் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஆன்ட்டி, இந்த மழைக்காலத்துக்குள்ள கால் கொஞ்சமாவது அசையணும். அதுக்கப்புறம் நான் எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். ஒரு தடவகூட விடாம கூட்டிட்டு வாங்க." மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் எந்த டாக்சிக்காரரும் அந்த வளைவுகளில் ஏற மாட்டார். இவரைத் தோளில் சுமந்து போக என்னால் முடியாது. என்னிடம் எப்போதோ எடுத்துப் பீரோவில் பூட்டி வைத்த லைசென்ஸ் மட்டும் இருந்தது. அதனால்தான் அந்த வண்டி. அந்தக் காலை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

வீட்டுக்கு மேலே, மூடிக் கிடந்த மர அறுவை மில்லின் முற்றத்தில் பழகத் தொடங்கினேன். இவர் பக்கத்து சீட்டில். செத்த காலைத் தூக்கி உள்ளே வைத்தபோது, அந்தப் பாதம் தானாகவே கிளட்ச் பெடல் மேல் போய் உட்கார்ந்தது. இடம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

"கிளட்ச்ச முழுசா அமுக்கு. ஃபர்ஸ்ட் போடு. இப்ப மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா. ஒரு எடத்துல வண்டி லேசா உதறும் பாரு, அங்க கால நிறுத்து. அதான் ஹாஃப் கிளட்ச். காதால கேக்காத, உள்ளங்கால்ல கேளு."

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தொழில் செய்பவள். கால் பெடல் எனக்குப் புதிதல்ல. ஆனால் தையல் மெஷினில் குதிகாலை ஒரே அமுக்காக அமுக்கி ஒரே விடாக விட்டுப் பழக்கம். வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது.

"ஜாக்கெட்டா தைக்கிற? ரோடுடி இது!"

விழுந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். வாய் கோணிக்கொண்டு வந்த அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு தடவை வண்டியை அணைத்திருப்பேன்.

ஆனால் அணையவில்லை. அடுத்த முறை, நான் அதே தப்பைச் செய்தேன். கிளட்சிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தேன். இன்ஜின் ஒரு முறை திணறியது. அணையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது என் காலுக்குக் கீழே இருந்த பெடல் தானாக இறங்கியது. பிறகு மெல்ல, மெல்ல ஏறியது. வண்டி வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கிக் கிளம்பியது.

குனிந்து பார்த்தேன்.

அவருடைய இடது பாதம் பெடலை அமுக்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க... நீங்களா?"

அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. "தெரியலடி. என் காலு... என் காலுடி அது!" என்றவர், நல்ல கையால் டாஷ்போர்டைத் தட்டித் தட்டி அழுதார். நானும் வண்டியை முற்றத்தின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு அவர் மடியில் விழுந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

மறுமுறை மழை விட்டிருந்ததால் ஆஸ்பத்திரி வேனே மேலே ஏறி வந்தது, அதில் கீழே போனோம். பிசியோதெரபி பெண் அந்தக் காலை மடக்கினாள், நீட்டினாள், ஊசியால்கூடக் குத்திப் பார்த்தாள். கால் விறகுக்கட்டை போலக் கிடந்தது. "வீட்ல அசைஞ்சுதுன்னு உங்களுக்குத் தோணியிருக்கும் ஆன்ட்டி" என்றாள் இரக்கத்தோடு. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தோம். அசையவில்லை. நாற்காலியில் வைத்துப் பார்த்தோம். இல்லை.

காரில் ஏற்றினால் மட்டும் அசைந்தது.

அதன் பிறகு இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தால் "வண்டிய எடு", சாப்பிட்டால் "வண்டிய எடு". தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் பிடித்த பிடியில் நின்றார். நானும் எடுத்தேன். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்கு, செகண்டிலிருந்து தேர்டுக்கு. நான் கிளட்சை நினைக்கும் முன்பே பெடல் இறங்கிவிடும். கியரை மாற்றுவது மட்டும்தான் என் வேலை. எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

என் மனசுக்குள் ஒன்று மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது.

லாரி ஓட்டிய காலத்தில், தன்னிடம் ஓட்டப் பழகிய கிளீனர்களை இவர் எதற்கெல்லாம் திட்டுவார் என்று எனக்கு மனப்பாடம். கியர் மாற்றியதும் காலைக் கிளட்சிலிருந்து எடுத்துத் தரையில் வைக்க வேண்டும். பெடல்மேலேயே காலைப் போட்டு வைத்திருந்தால் உள்ளே பிளேட் தேயும், கருகும். "கால அங்க படுக்க வச்சிருக்கியா?" என்று கத்துவார். ஆனால் இந்தக் கால் பெடலை விட்டு இறங்கவே இல்லை. வண்டி ஓடும்போதும், நிற்கும்போதும், அங்கேயே படுத்திருந்தது. வண்டிக்குள் கருகிய கிளட்ச் பிளேட்டின் நாற்றம் எப்போதும் இருந்தது. இன்ஜினை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் இருந்தது.

"கால கொஞ்சம் தரையில வைங்களேன்" என்றேன் ஒருநாள்.

"வச்சுப் பாக்கறேன்" என்றார். நெற்றி வியர்க்கும்வரை முயன்றார். கடைசியில் என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுடி. அதுவா அமுக்குது. அதுவா விடுது."

"அப்புறம் எப்படிங்க உங்க காலுங்கறீங்க?"

"ஒட்டியிருக்கறது என் ஒடம்புலதானே?" என்றார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிப் போவது என்று முடிவானது. மதியம். ஆனால் மூடுபனியில் பகல் பகலாகவே இல்லை. விளக்குகளைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ரோடு ஈரத்தில் மினுங்கியது. கீழே பள்ளத்தாக்கு இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை.

"இறக்கத்துல செகண்ட்லயே வா" என்றார். "கிளட்ச்ச தொடாத. கியர்ல இருந்தா இன்ஜினே வண்டிய இழுத்துப் பிடிக்கும். பிரேக் சும்மா தொட்டுக்க மட்டும்தான்."

அப்படியே வந்தேன். இன்ஜின் முனகிக்கொண்டே எங்களைத் தாங்கிக்கொண்டு இறங்கியது. அந்த முனகல் எனக்குத் தெம்பாக இருந்தது. முதல் வளைவு போனது. அடுத்ததும் போனது. அதற்கடுத்த வளைவில், பனிக்குள்ளிருந்து ஒரு கருங்கல் தடுப்புச் சுவர் மெல்லத் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு பகுதி மட்டும் புதிதாகக் கட்டிய கல்.

என் பெடல் தரைவரைக்கும் இறங்கியது.

இன்ஜினின் முனகல் நின்றுபோனது. சக்கரங்கள் ஈரத்தில் உருளும் சத்தம் மட்டும்.

வண்டி யாருடைய பிடியிலும் இல்லாமல் ஓடத் தொடங்கியது.

"கால எடுங்க!"

"நான் இல்லடி!"

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் நல்ல கையால் தன் முழங்காலைப் பிடித்துத் தூக்கினார். அசையவில்லை. தொடைத் தசை வேட்டிக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் ஈரத்தில் வழுக்கியது. பாதம் கிளட்சை இன்னும் அமுக்கியது, இன்னும், பெடலைத் தரைக்குள் புதைத்துவிடுவது போல. கருகல் நாற்றம் மூக்கை அடைத்தது. சுவர் நெருங்கி வந்தது.

"என் காலு இல்ல" என்று குழறினார் அவர். "இது என் காலு இல்லடி."

ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், கால் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். எந்தப் புண்ணியமோ, வண்டி பக்கவாட்டில் சறுக்கி, முன் பம்பர் சுவரில் டொக்கென்று இடித்து நின்றது. புதிதாகக் கட்டிய அந்த இடத்திலேயே.

வண்டி நின்ற பிறகும் கால் அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

வண்டியை இழுத்துப் போக வந்த ஒர்க்‌ஷாப்காரர் எங்களைத் தன் பட்டறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"அக்கா, இத எங்க வாங்குனீங்க?"

சொன்னேன். அவர் இவரைப் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இதுல ஒரு மாஸ்டர் இருந்தாருக்கா. தங்கமான மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம். படிக்கிறவங்க கைல வண்டி அணையவே கூடாது அவருக்கு. கால கிளட்ச் மேலயே வச்சிருப்பாரு. அவங்க தப்பு பண்றதுக்கு முந்தி இவரே அமுக்கிடுவாரு. அவர்கிட்ட பழகின ஒருத்தருக்கும் கிளட்ச் வராது. ஆனா எல்லாரும் நல்லா ஓட்டறதா நெனச்சுக்குவாங்க."

நான் பட்டறைக்குள் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன மழைக்கு அந்த வளைவுல ஒரு பொண்ணு ஓட்டிட்டு வந்துச்சு. பயந்து ஸ்டியரிங்க விட்டுடுச்சு. மாஸ்டர் பதறிப்போய் மிதிச்சாரு. கால் எங்க பழகியிருக்கோ அங்கதானக்கா போகும்? பிரேக்குன்னு நெனச்சு கிளட்ச்ச மிதிச்சிருக்காரு. வேகம் கொறையல. பிரேக் பிடிக்கலன்னு நெனச்சு இன்னும் மிதிச்சிருக்காரு. அந்தப் பொண்ணு பொழச்சுக்கிச்சு. அவரு அங்கயே போயிட்டாரு. வண்டி எங்கிட்டதான் வந்துச்சு. பிரேக் பெடல் புதுசு மாதிரி இருந்துச்சுக்கா. கிளட்ச் பெடல் தரையோட தரையா வளைஞ்சு கெடந்துச்சு. நான்தான் நிமித்துனேன்."

"இப்பவே கழட்டுங்க" என்றேன். "ரெண்டையும்."

உள்ளே இருந்த இவருக்குக் கேட்டுவிட்டது. "கழட்டாத!" என்று கத்தினார். குழறிய குரல் பட்டறை முழுக்க எதிரொலித்தது. "எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். கழட்டுனா உன்கிட்ட பேச மாட்டேன்."

"அது உங்களக் கொல்லப் பாத்துதுங்க."

"கொன்னா கொல்லட்டும். அசையுதுல்ல?"

நான் அதைக் கேட்டும் கழற்றச் சொன்னேன். ஸ்பேனர் சுழலத் தொடங்கியதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். பெடல்கள் கழன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டபோது அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் வண்டியை எடுத்தேன். படிக்கட்டுக்குக் கீழேயே அணைந்தது. மறுபடியும் அணைந்தது. இத்தனை நாளும் ஓட்டியது நானே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பக்கத்து சீட்டில் இவர், கல் மாதிரி, ஒரு வார்த்தை இல்லாமல். நான் தனியாகப் பழகினேன். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஹாஃப் கிளட்சில் வண்டி உதறுவதை உள்ளங்காலில் கேட்டு, பிறகு பிரேக்கை விட்டு ஏறினேன். இறங்கும்போது வளைவுக்கு முன்பே தேர்டிலிருந்து செகண்டுக்கு மாற்றினேன், காலை எடுத்துத் தரையில் வைத்தேன். அந்தச் சுவரைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குள் கருகல் நாற்றம் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது.

வாரங்கள் போயின. மழை குறைந்தது. பிசியோதெரபி பெண்ணின் முகத்தில் இருந்த நம்பிக்கையும் குறைந்தது.

பிறகு ஒரு நடுப்பகல். பளிச்சென்ற வெயில். இவர் உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். நான் முன்னறையில் தேங்கிப்போன துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் பெடல் கிறீச், கிறீச் என்று ஒரு தாளத்தில் ஓடியது. நூல் அறுந்தது. நூலைக் கோக்கக் காலை எடுத்தேன்.

சத்தம் நிற்கவில்லை.

கிறீச். நீண்ட இடைவெளி. மெல்லிய கிறீச்.

உள்ளேயிருந்து வந்தது.

எழுந்து போனேன். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் அவருடைய இடது பாதம் பதிந்திருந்தது. பலகையை முழுசாக அமுக்கியது. நின்றது. பிறகு மெல்ல, மெல்லத் தளர்ந்து, பாதியில் நின்று லேசாக உதறியது.

அவர் விழித்துத்தான் இருந்தார். முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது. அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசினார். "பாத்தியா? பெடல கழட்டுனா போயிடும்னு பயந்தேன். போகலடி. வீட்டுக்கே வந்துடுச்சு."

ஒரு கணம், ஒரே கணம், எனக்கும் சந்தோஷம் பொங்கியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஓடிப்போய்ப் பலகைக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். பாதம் ஜில்லென்று இருந்தது. என் கையை அழுத்தியது.

"விடுங்க பாப்போம்" என்றேன்.

"விட்டுட்டேனே."

அழுத்தம் குறையவில்லை. கூடியது.

"ஏங்க, விடுங்க. வலிக்குது."

"நான் அமுக்கவே இல்லடி" என்றார். பூரிப்பு அவர் முகத்திலிருந்து வடிவதைப் பார்த்தேன். வெயில் நிறைந்த அறைக்குள் கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் எழுந்தது.

அடுத்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த வாய், இத்தனை மாதமாக இடப்பக்கம் கோணித் தொங்கிக்கொண்டிருந்த வாய், நேரானது. குழறல் இல்லை. திக்கல் இல்லை. நான் ஒருநாளும் கேட்டிராத, பொறுமையான, கனிவான குரல்.

"பயப்படாதீங்க மேடம். கிளட்ச்ச நான் பாத்துக்கறேன்."

அவருடைய வலது கண்ணில் நீர் திரண்டு நின்றது. வலது கை மட்டும், நான் நீட்டிய இன்னொரு கையின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, விடவே மாட்டேன் என்பது போல இறுக்கிக்கொண்டது.